கஜா அடித்தபோது எனக்கு ஐந்தாம் மாதம்

பேராவூரணிக்காரி:

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன்பே கஜா புயல் கரையைக் கடந்துவிட்டது. எங்களுடையது ஓட்டு வீடு. ஓடு பறக்க ஆரம்பித்ததும் மாமியாரும் நானும் நெல் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒண்டிக்கொண்டோம். விடிந்து பார்த்தால் தோப்பு முழுக்கத் தென்னை ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கரண்ட் வர 38 நாள். போர்வெல் இருந்தும் மோட்டார் ஓடாது. வாடகை ஜெனரேட்டர் எங்கள் தெருவுக்கு வரும் நேரத்துக்குக் குடத்தோடு போய் நிற்பேன். ராத்திரியில் கணவர் தூங்காமல் கிடப்பார். அவரைப் பார்த்துக்கொண்டே நானும் கிடப்பேன்.

2019 மார்ச்சில் பையன் பிறந்தான். எடை 2.7 கிலோ, குறை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு வயது தாண்டியும் ‘ம்மா’, ‘தா’ தவிர வேறு வார்த்தை வரவில்லை. உறவில் ஒரு அத்தை, "வயித்துப் பிள்ளையோட நீ அழுதுகிட்டே இருந்தியே, அதான்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுத்த மேடம்தான் கனடாவில் நடந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். 1998 ஜனவரியில் கியூபெக் மாகாணத்தில் பனிமழை பெய்து மின்கம்பங்கள் எல்லாம் விழுந்துவிட்டன. சில வீடுகளில் 40 நாளுக்கு மேல் கரண்ட் இல்லை, அதுவும் அந்தக் குளிரில். அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களையும் பிறகு பிறந்த பிள்ளைகளையும் சுசான் கிங் என்ற ஆய்வாளரின் குழு பல வருடம் தொடர்ந்து கவனித்தது. அதிக நாள் இருட்டிலும் இழப்பிலும் கிடந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு இரண்டு வயதில் பேச்சும் புரிதலும் கொஞ்சம் பின்தங்கியிருந்தன. அந்த வித்தியாசத்தோடு சேர்ந்து வந்தது, அம்மா எவ்வளவு கலங்கினாள் என்பதல்ல. அவள் தலையில் எவ்வளவு கஷ்டம் விழுந்தது என்பதுதான். அதைக் கேட்டதும் அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். என் பையனுக்கு இதுதான் காரணம் என்று மேடம் சொல்லவில்லை, யாராலும் சொல்லவும் முடியாது. ஆனால் அந்த அத்தை சொன்னது தப்பு என்று தெரிந்தது.

ஓய்வு பெற்ற கிராம செவிலியர்:

உன் அத்தை மாதிரி பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்மா. பயத்திலும் கவலையிலும் உடம்பில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடும். நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு நொதி அதில் பெரும்பகுதியை முறித்துத்தான் உள்ளே அனுப்பும். ஆகவே ஒருநாள் சண்டை, ஒருநாள் அழுகை பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் இழுக்கிற நெருக்கடிதான் கவலைக்குரியது; அப்போது அந்தக் காவலும் தளரலாம் என்கிறார்கள். அப்படியிருந்த தாய்மார்களின் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் நன்றாகத்தான் வளர்கிறார்கள்.

எனக்கு ஒரு பெண் ஞாபகம் வருகிறாள். ஏழாம் மாதம், எடை ஏறவே இல்லை. மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். ஒருநாள் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, புருஷன் குடித்துவிட்டு வரும் சத்தம் கேட்டால் அவள் கொல்லையில் போய் உட்கார்ந்துவிடுவாள். மாமனாரிடம் பேசி அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பினோம். மூன்றே வாரத்தில் எடை ஏறியது. அதற்கு முந்தைய நான்கு மாதமும் பிரஷர் பார்த்தேன், ரத்தம் பார்த்தேன், "ராத்திரி தூங்குறியா" என்று ஒருநாளும் கேட்கவில்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது.

கும்பகோணத்திலிருந்து ஒரு தம்பி:

அக்கா, என் மனைவிக்கு இப்போது ஆறாம் மாதம். குழுக்கடன் வசூலுக்கு வருகிறவர்கள் நான் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து வந்து அவளிடம் சத்தம் போடுகிறார்கள். அவள் என்னிடம் சொல்லவே இல்லை, பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரியும். என்ன செய்யட்டும்?

பேராவூரணிக்காரி:

தம்பி, வசூலுக்கு வருகிறவர்களிடம் உங்கள் நம்பரைக் கொடுத்து, இனி எதுவானாலும் உங்களிடம்தான் பேச வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். தவணை நாளில் அவளைத் தனியாக விடாதீர்கள். அம்மாவோ அக்காவோ கூட இருக்கட்டும். எவ்வளவு கட்டினீர்கள், எவ்வளவு பாக்கி என்று அவளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கணவர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் கிடந்ததுதான் அன்று என்னைத் தூங்கவிடவில்லை. அவளுக்கு மனது தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

அப்புறம், என் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வாய் ஓய்வதில்லை.