அழியும் பட்டியலில் இருக்கும் அரோவானா: பாதுகாப்புக்குப் பணம் கொடுத்தால் இறக்குமதி செய்ய விடுவார்களா?

பழையபேட்டை தொட்டிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். பத்து வருடமாக மீன் வளர்க்கிறேன், கப்பியில் ஆரம்பித்து ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர் என்று போய் இப்போது ஆறடித் தொட்டியில் ஒரு சில்வர் அரோவானா நிற்கிறது. ஆனால் மனசு முழுக்க ஆசிய அரோவானா மேல்தான், அதுவும் அந்தச் சிவப்பு.

விஷயம் என்னவென்றால், என் சித்தப்பா பையன் அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிறான், அவனுக்கும் இதே பைத்தியம். அங்கே ஆசிய அரோவானாவை உள்ளே கொண்டு வரவே முடியாதாம், பண்ணையில் பிறந்ததாக இருந்தாலும். அதனால் அவனும் மீன் வளர்க்கும் சில நண்பர்களும் ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள். இந்தோனேசியாவில் ஆற்றில் மிச்சமிருக்கும் அரோவானாவைக் காப்பாற்ற நாங்கள் பணம் தருகிறோம், பதிலுக்குப் பண்ணை மீனை இறக்குமதி செய்ய அனுமதி கொடுங்கள் என்று அரசிடம் கேட்பது. என்னையும் கொஞ்சம் பணம் போடச் சொல்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது நிஜமாகவே நடக்கிற காரியமா, இல்லை நல்ல பெயர் வைத்த லஞ்சமா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பெங்களூரில் ஒரு கடையில் ஒரு அடி நீளச் சிவப்பு ஒன்று காட்டினார்கள். விலை நான் நினைத்ததில் பாதிதான். பேப்பர் எல்லாம் அப்புறம் வரும் என்றார்கள். எடுக்கலாமா?

ஒசூர் மீன்கடை:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் உங்கள் கை சுடும். எடுக்காதீர்கள்.

ஆசிய அரோவானா சைட்ஸ் ஒப்பந்தத்தின் (அழியும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கிற மீன். புலி, காண்டாமிருகம் இருக்கிற அதே பட்டியல். ஆற்றில் பிடித்ததை வியாபாரத்துக்கு நாடு விட்டு நாடு அனுப்பவே கூடாது. பண்ணையில் வளர்த்ததை அனுப்பலாம், ஆனால் அந்தப் பண்ணை சைட்ஸில் பதிவான பண்ணையாக இருக்க வேண்டும், மீனும் அங்கேயே பிறந்து வளர்ந்த தாய் தகப்பனுக்குப் பிறந்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மீனின் முதுகுத் தசையிலும் அரிசி மணி அளவுக்கு ஒரு சிப் இருக்கும். ரீடர் வைத்துப் பார்த்தால் ஒரு நம்பர் வரும், அந்த நம்பரும் சர்டிஃபிகேட்டில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பேப்பர் அப்புறம் வரும் என்றால் அந்த மீன் பேப்பர் இல்லாமல் உள்ளே வந்தது என்றுதான் அர்த்தம். பண்ணை மீனாகவே இருக்கலாம், ஆனால் உங்களால் அதை நிரூபிக்க முடியாது.

நம் ஊர் சட்டமும் மாறிவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சைட்ஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கு என்றே நான்காவது அட்டவணை போட்டுவிட்டார்கள். 2024 பிப்ரவரி கடைசியில் வந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட உயிரினம் உங்களிடம் இருந்தால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். முன்பெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள் என்று பலரும் வைத்திருந்தார்கள், நானும் அதைப் பார்த்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. இப்போது அப்படி இருக்க முடியாது.

ஆக, இந்தியாவில் சட்டப்படி கொண்டு வர வழி இருக்கிறது. சைட்ஸ் அனுமதி, டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) லைசென்ஸ், க்வாரன்டைன் என்று செலவும் அலைச்சலும் அதிகம், ஒரு மீனுக்காக யாரும் செய்ய மாட்டார்கள். உங்கள் சில்வர் அரோவானாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, அது தென் அமெரிக்க மீன், சைட்ஸ் பட்டியலிலேயே இல்லை.

அப்புறம் தண்ணீர். நம் போர் தண்ணீரின் உப்பும் கடினமும் உங்களுக்கே தெரியும். அந்தச் சிவப்பு மீன் காபி நிறத்தில் இருக்கும் சதுப்புக் காட்டுத் தண்ணீரில் வாழ்வது, மிக மென்மையான நீர். ஆர்.ஓ. மெஷினுக்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள்.

எட்டாவது நெடுவரிசை:

டல்லாஸ் பையன் சொல்வது கற்பனை இல்லை. அமெரிக்காவின் அழியும் உயிரினச் சட்டத்தில் 1976 முதல் ஆசிய அரோவானா இருக்கிறது. அந்தச் சட்டம் சைட்ஸை விடக் கறாரானது, பண்ணையில் பிறந்ததா ஆற்றில் பிடித்ததா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. சிப்பும் சர்டிஃபிகேட்டும் சுத்தமாக இருந்தாலும் இறக்குமதி குற்றம்தான். ஆனால் அதே சட்டத்தின் 10ஆவது பிரிவில் ஒரு கதவு இருக்கிறது: ஆராய்ச்சிக்காக, அல்லது அந்த இனம் பெருகவோ பிழைக்கவோ உதவும் காரியத்துக்காக என்றால் பர்மிட் கொடுக்கலாம். விண்ணப்பத்தை அரசிதழில் போட்டு 30 நாள் பொதுமக்கள் கருத்தும் கேட்பார்கள்.

இந்தக் கதவு வழியாக முன்பு போனவர்கள் உண்டு. 2014இல் டல்லாஸிலேயே (உங்கள் தம்பிக்குப் பக்கத்து வீடு போல) ஒரு வேட்டைக்காரர்கள் சங்கம் நமீபியாவில் ஒரு கருப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் உரிமையை 3,50,000 டாலருக்கு ஏலம் விட்டது. பணம் காண்டாமிருகப் பாதுகாப்புக்கு என்றார்கள். இனப்பெருக்கத்துக்கு உதவாத, மற்றவற்றைத் தாக்கும் கிழட்டு ஆண்களை மட்டுமே தேர்ந்தெடுக்கிறோம் என்பது நமீபியாவின் வாதம். 2015இல் அமெரிக்க வனவிலங்குத் துறை அதன் தலையையும் தோலையும் உள்ளே கொண்டு வர அனுமதி கொடுத்துவிட்டது. உலகமே சண்டை போட்டது, அது வேறு கதை.

இதில் கவனிக்க வேண்டியது, வெறும் பணத்தைப் பார்த்து அனுமதி கொடுக்கவில்லை. நமீபியாவில் அரசு நடத்தும் திட்டம் இருந்தது, எத்தனை காண்டாமிருகம், எங்கே இருக்கிறது என்ற கணக்கு இருந்தது, பணம் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்பதும் தெரிந்தது. நாலு பேர் சேர்ந்து ஒரு உண்டியல் வைத்துவிட்டு எங்களுக்கு மீன் கொடுங்கள் என்றால் யாரும் கொடுக்க மாட்டார்கள். இன்னொன்று, இது பர்மிட், சட்ட மாற்றம் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பித்து, என் மீன் வருவதால் இந்தோனேசியாவின் கபுவாஸ் ஆற்றில் இருக்கிற மீனுக்கு என்ன லாபம் என்று காட்ட வேண்டும். பண்ணையில் இருப்பதை மட்டும் சட்டத்திலிருந்து கழற்றிவிடுங்கள் என்று கேட்பதும் சுலபமில்லை. சிம்பன்ஸிக்கு முன்பு அப்படித்தான் இருந்தது, காட்டில் இருப்பதற்கு ஒரு நிலை, கூண்டில் இருப்பதற்குக் குறைந்த நிலை. 2015இல் அதையும் எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

பென்னாகரத்தான்:

எட்டாவது நெடுவரிசை சொன்னதில் அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கும் உறுத்துகிறது. லாபம் யாருக்கு?

பண்ணை மீனை வாங்கினால் ஆற்று மீன் பிழைக்கும் என்று முப்பது நாற்பது வருடமாகச் சொல்கிறார்கள். பண்ணைகள் செழித்துவிட்டன, பதிவான பண்ணையில் இருந்து மீன் வருடா வருடம் போகிறது. ஆனால் ஆற்றில் இருக்கும் இனம் இன்னும் அழியும் நிலையில்தான் இருக்கிறது. இந்த மீனில் ஆண்தான் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பாற்றும், ஒரு தடவைக்குச் சில பத்து முட்டைகள்தான். தகப்பனைப் பிடித்தால் வாயில் இருக்கிற குடும்பமே போச்சு. அது ஒரு பக்கம், சதுப்புக் காட்டை வடித்து எண்ணெய்ப் பனை போட்டது இன்னொரு பக்கம். பண்ணைக்காரருக்கு அந்தச் சதுப்புக் காடு இருந்தால் என்ன, போனால் என்ன? அவர் குளம் வேறு எங்கோ இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒன்று பிரேசிலில் ரியோ நீக்ரோ ஆற்றில் இருக்கிறது. அங்கே பார்செலோஸ் என்ற ஊர் மக்கள் கார்டினல் டெட்ரா என்ற சின்னத் தொட்டி மீனை ஆற்றிலேயே வலை போட்டுப் பிடித்து விற்றுப் பிழைக்கிறார்கள். ஆற்று வெள்ளம் ஏறும் காடு இருந்தால்தான் மீன், மீன் இருந்தால்தான் சோறு. அதனால் காட்டை அழிக்க விட மாட்டார்கள் என்பதுதான் அங்கே வேலை செய்யும் புரஜெக்ட் பியாபா ஆட்களின் வாதம். அந்த மீனையே வெளிநாட்டுப் பண்ணைகளில் வளர்க்க ஆரம்பித்ததும் அடி விழுந்தது ஆற்றோரத்து மக்களுக்குத்தான். எல்லா மீனுக்கும் இது பொருந்தாது, டெட்ரா சீக்கிரம் பெருகும், அரோவானா அப்படி இல்லை. ஆனாலும் காசு தண்ணீர் ஓரத்தில் இருப்பவனுக்குப் போகிறதா என்று முதலில் பார்ப்பேன்.

அப்புறம் ஒரு ஆதங்கம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒகேனக்கல் தாண்டிக் காவிரியில் மஷீர் என்று ஒரு பெரிய ஆற்று மீன் இருக்கிறது, முதுகு திமில் போல உயர்ந்தது. அதற்கு முறையான அறிவியல் பெயர் எது என்பதே 2018இல்தான் தீர்ந்தது, அதே வருடம் மிக அபாயமான நிலை என்று உலக அளவில் அழியும் உயிரினங்களைக் கணக்கிடும் சிவப்புப் பட்டியலிலும் போட்டார்கள். அரோவானாவை விட ஒரு படி மோசம். கிருஷ்ணகிரி, தருமபுரி என்று நம் இரண்டு மாவட்டத்துக் காட்டையும் சேர்த்து 2022இல் காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவித்தார்கள், அது நல்லது. ஆனால் தொட்டி வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்த மீனைக் கேள்விப்பட்டிருக்கிறோம்? கபுவாஸ் பற்றிப் பேசுகிறோம், நம் பக்கத்திலேயே இருப்பது தெரியவில்லை.

ஒசூர் மீன்கடை:

பென்னாகரத்தாரே, நியாயம்தான், ஆனால் பண்ணையே இல்லாமல் இருந்திருந்தால் இருக்கிற ஆசைக்கு ஆற்றையே துடைத்திருப்பார்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.

பழையபேட்டை தொட்டிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்தக் கடைக்குப் போன் போட்டு சிப் நம்பர் மட்டும் சொல்லுங்கள் அண்ணா என்றேன். ரீடர் ரிப்பேர் என்றார். சரி, நம்பர் வேண்டாம், சர்டிஃபிகேட்டை போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றேன், இரண்டு நீல டிக் விழுந்ததோடு சரி.

தம்பியிடமும் பேசினேன். பணம் எந்த அமைப்புக்குப் போகிறது, ஆற்றோரத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று எழுதிக் கொடு, அப்புறம் போடுகிறேன் என்றேன். அவனிடம் பதில் இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான். பென்னாகரத்தாரே, அந்த மஷீரைத் தூரத்தில் இருந்தாவது பார்க்க வழி இருந்தால் சொல்லுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.