மறு: ‘வெளியாள் கலை’க்கு மாற்றாக ‘அவைசாராக் கலை’

அக்கா, வணக்கம்.

கலைப்பள்ளி, கலையுலகம் எதையும் சாராமல் தாமே படைப்பவர்களின் கலையை ஆங்கிலத்தில் ‘outsider art’ என்கிறார்கள். அதற்கு நீங்கள் முன்வைத்த ‘வெளியாள் கலை’ எளிமையான சொல்தான். ஆனால் சிங்கப்பூரில் வெளியாள் என்றதும் வேலைக்காக இங்கு வந்தவர்தான் நினைவுக்கு வருவார். தங்குவிடுதியில் ஓர் ஊழியர் வரைந்த ஓவியம் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். இவ்வகைக் கலைக்குப் பெயர்பெற்ற ஓவியர் ஹென்றி டார்கரோ 1892இல் சிகாகோவில் பிறந்து, 1973இல் அதே ஊரில் இறந்தவர். மருத்துவமனைகளில் துப்புரவு வேலை பார்த்துப் பிழைத்தார். பிறந்த ஊரிலேயே உழைத்து மறைந்த மனிதரை வெளியாள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஐயா சொன்ன ‘சுயம்புக் கலை’ கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் டார்கருக்கு ஒட்டவில்லை. அவர் பத்திரிகை, காமிக்ஸ், வண்ணம் தீட்டும் புத்தகம் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து வைத்தார். கார்பன் தாள் வைத்துப் படியெடுத்தார். பிடித்த உருவங்களைக் கடையில் கொடுத்துப் புகைப்படமாகப் பெரிதாக்கி, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். சில படங்கள் சுமார் 10 அடி நீளம், தாளின் இரு பக்கமும் வரைந்தவை. அடிமைக் குழந்தைகளுக்காகப் போராடும் ஏழு சகோதரிகளைப் பற்றி அவர் எழுதிய கதை 15,000 பக்கங்களைத் தாண்டுகிறது. 1972 இறுதியில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போனபிறகுதான் இதெல்லாம் வெளியே தெரிந்தது. அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் நேதன் லெர்னர் புகைப்படக் கலைஞர் என்பதால் பிழைத்தது. வேறொருவர் என்றால் குப்பைக்குப் போயிருக்கும்.

அவருக்கு இல்லாமல் போனது ஓர் அவை. கலைப்பள்ளி, கூடம், விமர்சகர் எதுவுமில்லை. அவையில் அரங்கேறிய பிறகே நூலை ஏற்கும் மரபு நம்முடையது. அதனால் ‘அவைசாராக் கலை’ என்றால் நமக்குச் சட்டென்று விளங்கும். ‘முறைசாராக் கல்வி’, ‘அரசு சாரா அமைப்பு’ ஏற்கெனவே புழங்குகின்றன. தனிமை, மனநோய் போன்றவற்றைச் சொல்லுக்குள் நுழைக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இவையெல்லாம் அந்த மனிதரின் பாடு, கலையின் வகை அல்ல.

அப்புறம், பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே 1940களில் உருவாக்கிய ‘art brut’ என்ற சொல்லை இதோடு கலக்காமல் ‘கச்சாக் கலை’ என்று தனியே வைக்கலாம். பிரெஞ்சிலும் கச்சா எண்ணெய்க்கு அதே அடைமொழிதான். கலை ஆய்வாளர் ரோஜர் கார்டினல் 1972இல் ஆங்கிலத்தில் வைத்த ‘outsider art’ என்ற பெயருக்கே நம் ‘அவைசாரா’.

‘சாரா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் அதன்பின் ‘க்’ என்ற ஒற்று மிகும் என்று கொண்டிருக்கிறேன். ‘அவைசாராக் கலைஞர்’ என்று ஆளுக்கும் பொருந்துகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.