குடும்பக் குழு: அருணின் முதல் மாதிரிக் கப்பல்

அருண்: சித்தப்பா, உங்கள் வீட்டில் உள்ளதைப் போல ஒரு பாய்மரக் கப்பலைக் கட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. டிராஃபல்கர் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் இருந்த விக்டரி கப்பலின் மரக் கிட்டை (துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் தொகுப்பை) வாங்கலாமா?

சித்தப்பா: விக்டரியை முதலில் எடுக்காதே, அருண். 1765இல் நீரில் இறக்கப்பட்ட அந்தக் கப்பலில் 104 பீரங்கிகளும் மூன்று பாய்மரங்களும் உண்டு. மாதிரியிலும் பீரங்கிகளுக்கு வண்டி, கயிறு என்று ஒரே வேலையை மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருப்பதால், தொடங்கியவர்கள் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒற்றைப் பாய்மரமுள்ள கட்டர் வகையில் 1:64 அல்லது 1:48 அளவில் ஒன்றை எடு. கப்பலின் உடலைக் கட்டும் கலை முழுவதையும் அதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

சுபா அக்கா: கருவிகளுக்கு நிறையச் செலவாகுமா, சித்தப்பா?

சித்தப்பா: ஆகாது, அம்மா. மாற்றக்கூடிய பிளேடு உள்ள சிறு கத்தி, இரும்பு ஸ்கேல், நுனி கூரான சாமணம், சிறு அரம், 120 முதல் 400 வரையிலான எண் கொண்ட உப்புத்தாள், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போடும் கைத்துளைப்பான், துணி காயப்போடும் கிளிப்புகள் ஆகியவை போதும். மின்கருவி எதையும் இப்போது வாங்க வேண்டாம்.

அருண்: கடினமான கட்டம் எது?

சித்தப்பா: பலகை பதிப்பதுதான். கப்பலின் அடியில் முதுகெலும்பு போல நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டையில் குறுக்குச் சட்டங்களை ஒட்டியதும் உடனே பலகையை வைத்துவிடாதே. மெல்லிய மரப்பட்டி ஒன்றைச் சட்டங்களின் மேல் நீளவாக்கில் வளைத்துப் பார்த்தால், முனைப்பக்கச் சட்டங்களில் அது ஓர் ஓரத்தை மட்டுமே தொடுவது தெரியும்; முழு விளிம்பிலும் படியும்வரை அவற்றைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அடுத்து, கப்பலின் நடுவில் சுற்றளவு அதிகம், முனையில் குறைவு. ஆகவே ஒரே அகலப் பலகைகளை அடுக்கினால் முனையில் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒவ்வொரு பலகையையும் முனை நோக்கிச் சீவிக் குறுக்க வேண்டும். ஆனால் பாதி அகலத்துக்கும் கீழே போகக் கூடாது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறி மாறி ஒட்டினால்தான் ஏராக்கட்டை முறுக்கிக்கொள்ளாது. முதல் அடுக்கு உப்புத்தாளில் வழவழப்பாகி, விரலால் தடவும்போது எந்த மேடும் தட்டாமல் போகிறதே, அந்த நேரத்துக்கு ஈடான மகிழ்ச்சி எனக்கு வேறெதிலும் இல்லை.

அருண்: முனையில் வளைக்கும்போது பலகை முறியாதா?

சித்தப்பா: சிறிது நேரம் நீரில் ஊறவிட்டு, சூடு காட்டி, மெல்ல வளைத்துக் கிளிப்பால் பிடித்து உலரவிடு. உலர்ந்த பிறகே ஒட்டு. பலகைக்கு வெள்ளை மரப்பசைதான் நல்லது. நொடியில் பிடிக்கும் பசை, நகர்த்திச் சரிசெய்ய இடம் கொடுக்காது. வெளி அடுக்கில் அது கசிந்த இடம் வார்னிஷ் பூசும்போது கறையாகத் தெரியும்.

மீனா அத்தை: தேய்க்கும்போது வரும் தூசு குழந்தைக்கு ஆகாது, அருண். பால்கனியில் முகக்கவசம் போட்டுக்கொண்டு செய். பிளேடுகளை மூடியுள்ள டப்பாவில் வை.

அருண்: அப்படியே செய்கிறேன், அத்தை. சித்தப்பா, 1:64 அளவிலேயே ஒரு கட்டர் பார்த்திருக்கிறேன். அதன் வரைபடத்தை இன்றிரவு அனுப்புகிறேன்.

சித்தப்பா: அனுப்பு. பலகை ஒற்றை அடுக்கா, இரட்டை அடுக்கா என்றும் பார்த்துச் சொல். இரட்டை அடுக்கு என்றால் உடனே வாங்கிவிடு. முதல் அடுக்கில் விழும் இடைவெளிகளை மரப்பட்டியால் நிரப்பித் தேய்த்துவிடலாம்; இரண்டாம் அடுக்கு அவற்றை மூடிவிடும்.