காத்தாடி எல்லாம் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு: பி450 போர்டு, ரைசன் 5 5600

ஆபீஸ் கிராணி (சுங்கை சிப்புட்), சனி இரவு 10.40

வணக்கம். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவள் நான். கணினியின் வயிற்றைத் திறந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. தம்பி அடுத்த மாதம் பாலிடெக்னிக்கில் அனிமேஷன் படிக்கப் போகிறான். கடையில் பூட்டிக் கொடுப்பதை வாங்கக் கை கொடுக்கவில்லை. அதனால் நாலு மாதமாகச் சம்பளத்துக்கு ஒரு சாமான் என்று வாங்கிச் சேர்த்தேன்.

ரைசன் 5 5600 சில்லு (சிபியு) புதிது, கூலர் பெட்டியிலேயே வந்தது. பி450 மதர்போர்டு பழையது, ஆன்லைனில் ஒருவரிடம் 170 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். டிடிஆர்4 3200 ரேம், 8 ஜிபி இரண்டு. ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டும் பழையதுதான். 550 வாட் பவர் சப்ளை, 500 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி இரண்டும் புதிது.

இன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வைத்து நானும் தம்பியும் பூட்டினோம். ஐந்து மணி நேரம் ஆனது. சுவிட்சைத் தட்டினால் காத்தாடி எல்லாம் அழகாகச் சுற்றுகிறது, கார்டின் காத்தாடியும் சேர்த்துத்தான். ஆனால் திரையில் 'சிக்னல் இல்லை' என்று மட்டும் வருகிறது. கீபோர்டில் விளக்கும் எரியவில்லை. போர்டு விற்றவரிடம் கேட்டேன், "என்னிடம் நன்றாக ஓடியதுதான்" என்கிறார்.

இன்னொன்று. கேசிங்கின் இரும்பைத் தொட்டால் விரலில் சுறுசுறு என்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? தம்பி முகத்தைப் பார்க்க முடியவில்லை, உதவுங்கள்.

ஈப்போ ரிப்பேர், சனி இரவு 11.05

தங்கச்சி, ஐந்து மணி நேரம் ஒன்றும் அதிகமில்லை. எனக்கு முதல் தடவை இரண்டு நாள் பிடித்தது.

முதலில் மூன்றே விஷயம் பாருங்கள். ஒன்று, எச்டிஎம்ஐ கேபிள் எங்கே சொருகியிருக்கிறது? 5600 சில்லுக்குள் கிராபிக்ஸ் கிடையாது, இந்த வரிசையில் பெயரில் 'ஜி' இருந்தால்தான் உண்டு. அதனால் போர்டின் ஓட்டையில் சொருகினால் விடியும் வரை இருட்டுதான். கார்டின் ஓட்டையில் சொருக வேண்டும். இரண்டு, போர்டின் மேல் மூலையில் சிபியுவுக்கென்று தனியாக 8 முள் கரண்ட் சாக்கெட் இருக்கும். பெரிய 24 முள்ளை மட்டும் மாட்டிவிட்டு இதை மறப்பவர்கள் நிறைய. அதில் போக வேண்டியது நாலும் நாலுமாகப் பிரியும் வயர். ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு, மாற்றி அழுத்திவிடாதீர்கள். மூன்று, ரேம் இரண்டும் சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது காடியில் இருக்க வேண்டும். 'டக்' என்று சத்தம் கேட்கும் வரை அழுத்த வேண்டும். எல்லோரும் பயந்து பாதியில் விட்டுவிடுகிறோம்.

வழிப்போக்கன், சனி இரவு 11.20

பவர் சப்ளை மட்டமானது. 750 வாட் வாங்குங்கள், சரியாகிவிடும்.

ஈப்போ ரிப்பேர், சனி இரவு 11.31

இருக்கிற காசை ஏன் கரைக்கச் சொல்கிறீர்கள்? சிபியு 65 வாட் ரகம், முழு மூச்சில் கொஞ்சம் கூடும். கார்டு 132 வாட். மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் 550 தாராளம். அதுவும் திரையே வராத நேரத்தில் எதுவும் முழு மூச்சில் ஓடவில்லை.

ஆபீஸ் கிராணி, ஞாயிறு காலை 8.15

பசியாறிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். எச்டிஎம்ஐ கார்டில்தான் இருக்கிறது. 8 முள் மாட்டியிருக்கிறது. ரேம் இரண்டாவது, நாலாவது காடி. ஒன்றைக் கழற்றி ஒன்றை மட்டும் வைத்தும் பார்த்துவிட்டேன்.

போர்டின் ஓரத்தில் நாலு சின்ன விளக்கு இருப்பதைத் தம்பிதான் கண்டுபிடித்தான். சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று எழுதியிருக்கிறது. அதில் சிபியு விளக்கு சிவப்பாக எரிந்தபடியே நிற்கிறது. புதுச் சில்லே கெட்டதா? பெட்டியை நானே கைப்படப் பிரித்தேன்.

பட்டாணிப் பெண் (சுங்கை பட்டாணி), ஞாயிறு காலை 8.50

சில்லைக் குறை சொல்லாதீர்கள் அக்கா. ஒரு கேள்வி: அந்தப் போர்டை விற்றவர் அதில் எந்தச் சில்லு வைத்திருந்தார்?

ஆபீஸ் கிராணி, ஞாயிறு காலை 9.30

கேட்டுவிட்டேன். ரைசன் 3 2200ஜி. 2018 கடைசியில் வாங்கினாராம், போர்டைத் தொட்டதே இல்லையாம்.

பட்டாணிப் பெண், ஞாயிறு காலை 9.48

அதேதான். பி450 வந்தது 2018இல். 5000 வரிசைச் சில்லுகள் வந்தது 2020 நவம்பரில், உங்கள் 5600 அதற்கும் பிந்தி 2022இல். சாக்கெட் ஒன்றே, ஏஎம்4, அதனால் சில்லு பொருந்தி உட்கார்ந்துவிடும். ஆனால் போர்டின் பயோஸ், அதாவது கணினியை எழுப்பிவிடும் உள் நிரல், 2018இல் எழுதியது. நாலு வருஷம் கழித்துப் பிறக்கப் போகிற பிள்ளையை அதற்கு எப்படி அடையாளம் தெரியும்? கரண்ட் போகிறது, காத்தாடி சுற்றுகிறது, அதற்கு மேல் சில்லோடு பேச அதற்குத் தெரியாமல் நின்றுவிடுகிறது. விற்றவரும் பொய் சொல்லவில்லை, அவருடைய சில்லுக்கு ஓடியிருக்கும்.

பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். போர்டின் பின்பக்கம், யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில் 'பயோஸ் ஃபிளாஷ்' என்று ஒரு பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சில்லே இல்லாமல் பென் டிரைவிலிருந்து ஏற்றலாம். இல்லாவிட்டால், போர்டுக்குத் தெரிந்த பழைய ஏஎம்4 சில்லு ஒன்றை இரவல் வாங்கி, அதை வைத்துத் திறந்து ஏற்ற வேண்டும்.

ஆபீஸ் கிராணி, ஞாயிறு காலை 10.02

பட்டன் இல்லை. விற்றவர் அந்த 2200ஜியையும் வேறு யாருக்கோ விற்றுவிட்டாராம். பழைய சில்லுக்கு நான் எங்கே போவேன்?

ஆலைச் சார்ஜ்மேன், ஞாயிறு காலை 10.40

கணினி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் அந்தச் சுறுசுறுப்பை யாருமே கண்டுகொள்ளவில்லையே! செம்பனை ஆலையில் 20 வருஷமாகக் கரண்ட் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், முதலில் அதைக் கவனியுங்கள்.

பவர் சப்ளைக்குள் கரண்ட் நுழைகிற இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். ஒன்று லைவிலிருந்து எர்த்துக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு. எர்த் வயர் ஒழுங்காக இருந்தால் அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் கேசிங் தொங்கிக்கொண்டிருக்கும். 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115. மின்னோட்டம் மிகக் குறைவு, அதனால்தான் உதறித் தள்ளாமல் சுறுசுறு என்கிறது. திரை வராததற்கு இது காரணமில்லை. ஆனால் உள்ளே வேறு ஏதாவது பழுதானால் காப்பாற்ற அங்கே எர்த் இல்லை, புரிகிறதா?

எந்த சாக்கெட்டில் சொருகியிருக்கிறீர்கள்? நீளமான எக்ஸ்டென்ஷனா?

ஆபீஸ் கிராணி, ஞாயிறு காலை 11.10

ஆமாம் அண்ணே. அப்பா லயத்து வீட்டில் இருந்த காலத்து எக்ஸ்டென்ஷன். பிளக்கின் மேல் முள் உடைந்து போய், சுவர் சாக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தித்தான் சொருகுவோம்.

ஆலைச் சார்ஜ்மேன், ஞாயிறு காலை 11.18

நினைத்தேன். அந்த மேல் முள்தான் எர்த். எக்ஸ்டென்ஷனை இன்றைக்கே குப்பையில் போடுங்கள், தம்பிக்குக்கூடக் கொடுக்க வேண்டாம். கணினியின் மூன்று முள் வயரை நேராகச் சுவரில் சொருகுங்கள். அப்புறமும் சுறுசுறுத்தால் வீட்டு வயரிங்கிலேயே எர்த் இல்லை என்று அர்த்தம், லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். மெயின் பெட்டியில் ஈஎல்சிபியின் (கசிவு கண்டால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும்.

ஸ்டேஷன் பக்கத்துக்காரன், ஞாயிறு மதியம் 12.25

நானும் சுங்கை சிப்புட்தான், ரயில் ஸ்டேஷன் பக்கம். என்னிடம் ஒரு 2200ஜி மேசை அறையில் சும்மா கிடக்கிறது. அதே சில்லு என்பதால் உங்கள் போர்டு கட்டாயம் கண்டுகொள்ளும். தனிச் செய்தியில் எழுதுங்கள், சந்தைக்கு வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

ஆபீஸ் கிராணி, ஞாயிறு இரவு 7.50

சில்லு கைக்கு வந்துவிட்டது, அண்ணனுக்கு நன்றி. கணினியை நேராகச் சுவரில் சொருகினேன், சுறுசுறுப்பு போய்விட்டது. ஈஎல்சிபியும் விழுந்தது. வீடே இருட்டானதில் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான்.

ஆனால் இப்போது வேறு கதை. 5600ஐ எடுக்கலாம் என்று கூலரின் நாலு திருகையும் கழற்றித் தூக்கினேன். கூலரோடு ஒட்டிக்கொண்டு சில்லும் பிடுங்கி வந்துவிட்டது! பூட்டு நெம்புகோல் இன்னும் மூடியே இருக்கிறது. சில்லின் அடியில் ஓரத்தில் இரண்டு முள் சாய்ந்திருக்கிறது. அழுகை வருகிறது.

பட்டாணிப் பெண், ஞாயிறு இரவு 8.04

அழ வேண்டாம் அக்கா, ஏஎம்4இல் இது பேர்போன வியாதி. முள் சில்லில் இருக்கிறது, பூட்டு பக்கவாட்டில்தான் பிடிக்கிறது. கூலரோடு வந்த பேஸ்ட் (சூட்டைக் கடத்தச் சில்லுக்கும் கூலருக்கும் நடுவில் இருப்பது) பசை மாதிரி இறுகிவிட்டால் சில்லைக் கையோடு கூட்டி வந்துவிடும். முன்பே சொல்லாதது என் தப்பு. ஓடுகிற கணினி என்றால் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டுக் கழற்றுவோம். உங்களுடையது ஓடாததால், முடி காயவைக்கும் டிரையரால் கூலரை இரண்டு நிமிடம் சூடுகாட்டியிருக்கலாம். அப்புறம் தூக்காமல் இடமும் வலமுமாகத் திருக வேண்டும்.

இப்போதும் அதே மாதிரி சூடுகாட்டி, திருகி, சில்லைக் கூலரிலிருந்து பிரித்தெடுங்கள். கத்தி விட்டு நெம்ப வேண்டாம். முள் ஒடியவில்லையே?

ஆபீஸ் கிராணி, ஞாயிறு இரவு 8.20

பிரிந்து வந்துவிட்டது. முள் ஒடியவில்லை, சாய்ந்துதான் இருக்கிறது.

ஈப்போ ரிப்பேர், ஞாயிறு இரவு 8.33

பிழைத்தீர்கள். அழுத்தினால் ஈயம் வெளியே நீளும் பென்சில் தம்பியிடம் இருக்கும். ஈயத்தை எடுத்துவிட்டு, அதன் மூக்கு ஓட்டைக்குள் சாய்ந்த முள்ளை நுழைத்து மெதுவாக நிமிர்த்துங்கள். ஒரே தள்ளில் வேண்டாம். கொஞ்சம் நிமிர்த்தி, கைப்பேசி வெளிச்சத்தில் வரிசையை ஓரமாகப் பார்த்து, மறுபடி கொஞ்சம். முன்னும் பின்னுமாக ஆட்டினால் ஒடிந்துவிடும். மொத்தம் 1331 முள், மற்றவை எல்லாம் நேராக நிற்பதால் சாய்ந்தது கண்ணில் பட்டுவிடும்.

சாக்கெட்டில் வைக்கும்போது நெம்புகோலைத் தூக்கிவிட்டு, சில்லின் மூலையில் இருக்கிற தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேருங்கள். தன் எடையிலேயே 'பொத்' என்று உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் எடுத்து முள்ளை மறுபடி பாருங்கள், விரலால் அழுத்தாதீர்கள்.

பட்டாணிப் பெண், ஞாயிறு இரவு 9.10

இனி பயோஸ் வேலை. பழைய பேஸ்ட்டை மருந்துக் கடை ஆல்கஹால் பஞ்சால் துடைத்துவிட்டு 2200ஜியை வையுங்கள். பட்டாணி அளவு புது பேஸ்ட் போதும். கூலரை இரண்டு தடவை பூட்டப் போகிறீர்கள், இரண்டு தடவையும் புதுசு வேண்டும். கார்டைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐயைப் போர்டில் சொருகுங்கள், இந்தச் சில்லுக்குள் கிராபிக்ஸ் உண்டு.

போர்டின் முழுப் பெயரையும், அதன் மேலேயே சின்னதாக அச்சடித்திருக்கும் பதிப்பு எண்ணையும் பார்த்து, அதே போர்டுக்கான பயோஸை மட்டும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்குங்கள். பக்கத்தில் குறிப்பு இருக்கும், படிக்காமல் விடாதீர்கள். சில போர்டுக்கு நடுவில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக முடியும். பென் டிரைவ் எஃப்ஏடி32 வடிவத்தில் இருக்க வேண்டும்.

ஏற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். இன்றைக்கு வானம் எப்படி?

ஆபீஸ் கிராணி, ஞாயிறு இரவு 9.16

சாயங்காலம் பிடித்த இடி இன்னும் ஓயவில்லை. மோடத்தைக்கூடப் பிடுங்கி வைத்துவிட்டோம்.

ஆலைச் சார்ஜ்மேன், ஞாயிறு இரவு 9.22

அப்படியானால் இன்றைக்குத் தொடவே தொடாதீர்கள். காலையில் செய்யுங்கள். நம் பக்கம் மழை மத்தியானத்துக்கு மேல்தான் கட்டுகிறது.

ஆபீஸ் கிராணி, செவ்வாய் காலை 10.45

நேற்று வேலை, அதனால் இன்று லீவு போட்டுவிட்டேன். முள்ளைத் தம்பிதான் நிமிர்த்தினான், எனக்குக் கை நடுங்கியது. 2200ஜியை வைத்ததும் திரை வந்தது! நடுப் பதிப்பு ஒன்றை ஏற்றச் சொல்லித் தளத்தில் எழுதியிருந்தது, முதலில் அதை ஏற்றி, பிறகு கடைசிப் பதிப்பை ஏற்றினேன். தானே இரண்டு தடவை அணைந்து எழுந்தது, அந்த நேரம் மூச்சே விடவில்லை நாங்கள். அப்புறம் 5600ஐ வைத்துக் கார்டையும் மாட்டினோம். பயோஸ் திரையில் அதன் பெயர் வந்துவிட்டது. விண்டோசும் ஏற்றியாகிவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம். ரேம் 3200 என்று வாங்கினேன், இங்கே 2133 காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

ஈப்போ ரிப்பேர், செவ்வாய் காலை 11.00

இல்லை தங்கச்சி. எந்த ரேமையும் போர்டு முதலில் பத்திரமான வேகத்தில்தான் ஓட்டும். பயோஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்ட எக்ஸ்எம்பி என்று ஒன்று இருக்கும், சில போர்டில் டிஓசிபி என்று போட்டிருப்பார்கள். அதைத் திறந்துவிட்டுச் சேமியுங்கள்.

ஆபீஸ் கிராணி, செவ்வாய் காலை 11.25

3200 வந்துவிட்டது. தம்பி நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்கிறான்.

ஸ்டேஷன் பக்கத்து அண்ணே, சில்லை நாளை சாயங்காலம் கொண்டு வருகிறேன், முள்ளைத் தொடாமல் பழைய பிளாஸ்டிக் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். கூடவே அம்மா முறுக்கும் கொடுத்தனுப்புகிறார், வேண்டாம் என்று சொல்லக்கூடாதாம்.

ஸ்டேஷன் பக்கத்துக்காரன், செவ்வாய் காலை 11.31

யார் வேண்டாம் என்றது?