பாயில் உட்கார்ந்ததை யார் பார்த்தது?

குண்டாற்றுக்கரை: நேற்று இங்கே ஒருவர், "வீட்டில் பாய் விரித்து மூச்சுப் பயிற்சி செய்தால் போதும், முதுகுவலிக்கும் மனப்பதற்றத்துக்கும் மாத்திரையே வேண்டாம், அமெரிக்காவிலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடு வேறு. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் காட்டிய 2022 ஆய்வை எடுத்துப் படித்தேன். பதற்ற நோயுள்ள 276 பேர். ஒரு பாதிக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை, மறுபாதிக்கு எட்டு வாரத் தியான வகுப்பு; வகுப்பு போக, தினமும் வீட்டில் 45 நிமிடப் பயிற்சி. நல்லது. அந்த 45 நிமிடத்தை யார் பார்த்தது?

புளியரைக்காரன்: எழுதியவன் நான்தான். பெயரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா அண்ணாச்சி? படித்த கையோடு முடிவையும் சொல்லியிருக்கலாமே. தியானம் மாத்திரைக்குச் சளைத்ததில்லை என்பதுதான் முடிவு. 2017இல் பாஸ்டன் பக்கம் முதுகுவலிக்காரர்கள் 320 பேரை வைத்து யோகாவையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டார்கள். அங்கேயும் யோகா பின்தங்கவில்லை. ஆரியங்காவு வளைவுகளில் பதினோரு வருடம் லாரி ஓட்டிய என் முதுகே சாட்சி.

குண்டாற்றுக்கரை: உம்முடைய முதுகு ஆய்வுக்கட்டுரை அல்ல. வீட்டில் செய்ததை யார் பார்த்தது?

புனலூர் மருமகள்: மாத்திரையையும் வீட்டில்தானே விழுங்கினார்கள்? அதை யார் பார்த்தார்கள்? என் மாமனார் இரண்டு வருடமாக பிரஷர் மாத்திரையை ஜன்னல் வழியாக ரப்பர் மரத்துக்குக் கொடுத்துவந்தார். மரத்துக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

குண்டாற்றுக்கரை: மாத்திரையை எண்ணலாம் அம்மா. அட்டையில் மீதம் எத்தனை என்று பார்த்தால் தெரிந்துவிடும். மூச்சை எப்படி எண்ணுவீர்கள்? என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மனைவிக்குக் கழுத்துவலி. ஓர் இடத்தில் பயிற்சி சொல்லிக்கொடுத்து, தினமும் குறித்துவரும்படி ஒரு தாளும் கொடுத்தார்கள். திங்கள் முதல் சனி வரை அந்தத் தாள் மிக்ஸியின் அடியில் கிடந்தது. ஞாயிறு ராத்திரி ஏழு கட்டத்திலும் ஒரே பேனாவால், ஒரே மூச்சில் குறி விழுந்தது. மறுநாள் அந்தத் தாளைப் பார்த்து "அருமை" என்றார்கள். இந்த லட்சணம் கீழச்செங்கோட்டையில் மட்டும்தான் உண்டு, அமெரிக்காவில் எல்லாரும் அரிச்சந்திரன்கள் என்கிறீர்களா? அந்த 276 பேரில் கடைசிவரை நின்றவர்களே 208 பேர்தான்.

பிசியோ தம்பி: ஒரு சின்ன விளக்கம். வகுப்புக்குப் போய்வந்து வீட்டில் தொடர்வது வேறு, ஆரம்பம் முதல் வீட்டிலிருந்தே செய்வது வேறு. 2022 ஆய்வு முதல் வகை. 2024இல் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 140 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அதில் யோகா வகுப்பே இணையத்தில் நேரலையாக நடந்தது. வலி குறைந்தது உண்மைதான். ஆனால் ஒப்பிட வைத்த குழுவினர் எந்தப் பயிற்சியும் இல்லாமல் காத்திருந்தவர்கள். இதில் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில்

குண்டாற்றுக்கரை: நேரலையில் கேமராவை அணைத்துவிட்டுப் படுத்திருந்தால் யார் பார்த்தது?

பிசியோ தம்பி: அண்ணாச்சி, நான் கேட்டது அது இல்லை.

புளியரைக்காரன்: விடுங்கள் தம்பி. 36 அடி குண்டாறு அணையின் பெயரை வைத்துக்கொண்டு மேட்டூர் மாதிரிப் பேசுகிறார். பக்கவிளைவைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை? அதே 2022 ஆய்வில் மாத்திரைக் குழுவில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு வந்தது. தியானக் குழுவில் 15 விழுக்காடு. இதையும் யாரும் பார்க்கவில்லையா?

குண்டாற்றுக்கரை: செய்யாத பயிற்சிக்குப் பக்கவிளைவு எங்கிருந்து வரும்? சாரல் விழுந்தால் முதலில் நிரம்புவது குண்டாறுதான் ஐயா. புளியரையில் நிரம்புவது சோதனைச்சாவடி லாரி வரிசை மட்டும்.

புனலூர் மருமகள்: அணைச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கேரளாவில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள்; எண்ணெய், தைலம், பத்தியம் எல்லாம் வீட்டு வைத்தியம்தான். யாரும் ஆய்வு கேட்பதில்லை.

குண்டாற்றுக்கரை: "எங்கள் பக்கமா"? கல்யாணமாகி மூன்று வருடத்தில் செங்கோட்டை அந்நியமாகிவிட்டதா?

புனலூர் மருமகள்: 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. அன்றைக்கு உங்கள் தாத்தாவுக்கும் அதுதான் "எங்கள் பக்கம்".

குண்டாற்றுக்கரை: என் தாத்தா மலையாளத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாம், மூச்சு தமிழில்தான் விட்டார். பேச்சைத் திருப்பாதீர்கள்.

பிசியோ தம்பி: 2010இல் குடல் எரிச்சல் நோயாளிகள் 80 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை என்று வெளிப்படையாகச் சொல்லியே சிலருக்குக் கொடுத்தார்கள். அவர்களில் 59 விழுக்காட்டினர் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒன்றும் தராத குழுவில் 35. ஆகவே இதில் எதிர்பார்ப்புக்கும் கவனிப்புக்கும் ஒரு பங்கு

புளியரைக்காரன்: தம்பி, நீங்கள் யார் பக்கம்?

குண்டாற்றுக்கரை: அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். அந்தப் போலி மாத்திரையையும் வீட்டில்தானே

புனலூர் மருமகள்: ஐயோ.

புளியரைக்காரன்: சரி அண்ணாச்சி. நாளைக் காலை ஐந்தரை மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். பாயில் உட்கார்கிறேன், 45 நிமிடமும் எதிரே இருந்து பாருங்கள். காப்பியும் தருகிறேன்.

குண்டாற்றுக்கரை: ஆள் பார்க்கிறார் என்றால் யார்தான் உட்காரமாட்டார்கள்? நான் வராத நாளில் யார் பார்த்தது?

புளியரைக்காரன்: போன வருடம் கோயில் கொடைக் கணக்கையும் இப்படித்தான் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

குண்டாற்றுக்கரை: அதற்கும் இன்னும் பதில் வரவில்லை.