கஞ்சா எண்ணெய் வீட்டுக்குள் வந்தபோது: குமரி மாவட்டத்திலிருந்து சில அனுபவங்கள்

தக்கலையிலிருந்து ஒரு தாய்

என் மகனுக்கு ஏழு வயது. எடை 18 கிலோ. லெனாக்ஸ்-காஸ்டோ என்னும் கடுமையான வலிப்பு நோய் அவனுக்கு இருப்பது மூன்றாம் வயதில் உறுதியானது. நின்றுகொண்டிருக்கும்போதே கைகூட ஊன்றாமல் முகங்குப்புற விழுவான். நெற்றியில் மட்டும் ஆறு தையல்கள் உள்ளன. மாதந்தோறும் இரணியலில் ரயிலேறித் திருவனந்தபுரம் சென்று மருத்துவம் பார்க்கிறோம். வால்புரோயேட், குளோபசாம் ஆகிய இரண்டு மருந்துகளையும் அவன் தொடர்ந்து எடுத்துவருகிறான்.

சென்ற ஆண்டு என் தம்பி தன் கைபேசியில் ஒரு செய்தியைக் காட்டினான். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்தால் இதே நோயுள்ள பிள்ளைகள் விழுவது குறைந்திருக்கிறது என்பதே அந்தச் செய்தி. அது பொய்யன்று. அந்தச் செடியில் உள்ள கன்னாபிடையால் என்ற, போதை தராத பொருளைத் தூய்மையாகப் பிரித்துச் செய்த மருந்துக்கு 2018 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 225 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில், நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு விழச்செய்யும் வலிப்புகள் 41.9 விழுக்காடு குறைந்தன. மருந்தில்லாத வெற்றுக் கரைசல் பெற்றவர்களுக்கும் 17.2 விழுக்காடு குறைந்தன. இந்த இரண்டாவது எண்ணை நான் அப்போது படிக்கவில்லை.

நாங்கள் வாங்கியது அந்த மருந்தும் அன்று. இணையத்தில் ஒரு நிறுவனத்திடம் பத்து நிமிடத் தொலைபேசி ஆலோசனைக்குப் பிறகு வரவழைத்த எண்ணெய் அது. புட்டியில் 'விஜயா இலைச் சாறு' (விஜயா என்பது ஆயுர்வேதத்தில் கஞ்சாவின் பெயர்) என்று மொத்த அளவு மட்டும் அச்சிட்டிருந்தது. அதில் கன்னாபிடையால் எவ்வளவு, போதை தரும் டி.எச்.சி. எவ்வளவு என்று பிரித்துக் காட்டவில்லை. காலையும் மாலையும் நாக்கின் அடியில் ஐந்து துளிகள் விட்டோம். முதல் இரண்டு நாட்களும் அவன் விழவேயில்லை. நான் அழுதேன், குமாரகோவிலுக்கு நேர்ந்துகொண்டேன்.

நான்காம் நாள் காலையில் மூத்த மகள் ஓடிவந்து, "அம்மா, தம்பி முழிக்கவே மாட்டேங்கான்" என்றாள். தூக்கி உட்கார வைத்தால் தலை சாய்ந்தது. உதட்டோரம் எச்சில் வழிந்தது. நாகர்கோவிலில் அவசரப் பிரிவில் சேர்த்தோம். திருவனந்தபுரத்து மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. புட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அவர் விளக்கியதை அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். குளோபசாம் கல்லீரலில் வேறொரு பொருளாக மாறுகிறது. அந்தப் பொருளும் தூக்கத்தைத் தருவது. அதை உடலிலிருந்து வெளியேற்ற உதவும் நொதியைக் கன்னாபிடையால் தடுத்துவிடுவதால், இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடக்கூடும். வால்புரோயேட்டுடன் சேரும்போது கல்லீரல் நொதிகள் உயரும் வாய்ப்பும் உண்டு. இவை எதுவும் இல்லாமல், அந்த எண்ணெயில் இருந்த டி.எச்.சி.யே பிள்ளையை மயக்கியிருக்கலாம். மூன்றில் எது நடந்தது என்று கண்டறிய அந்தப் புட்டியில் எந்த வழியும் இல்லை.

அளவைப் பாருங்கள். ஆய்வுக்குட்பட்ட மருந்தைக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் தொடங்குவார்கள். என் மகனுக்கு அது நாளொன்றுக்கு 90 மில்லிகிராம். நான் கொடுத்த பத்துத் துளிகள் அதற்கு மேலா கீழா என்பது எனக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. ஒரு தாயாக என்னை இன்றும் உறுத்துவது அதுதான். கன்னாபிடையாலை நான் வெறுக்கவில்லை. அடுத்த முறை செல்லும்போது, குளோபசாமைக் குறைத்து, மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை செய்து, அளவிட்ட மருந்தாகவே கொடுக்க இயலுமா என்று கேட்கப்போகிறேன்.

குலசேகரத்திலிருந்து

தக்கலைச் சகோதரி, உங்களுக்கு நேர்ந்ததற்கு மறுபுறமான தவறு எங்கள் வீட்டில் நேர்ந்தது. அப்பா ரப்பர் பால் வெட்டியவர். வாய்ப் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பிறகும் திரும்ப வந்துவிட்டது. வலி பொறுக்க முடியாமல் இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதினார். வளைகுடாவில் இருக்கும் அண்ணன், கஞ்சா எண்ணெய் புற்றுநோயையே கரைத்துவிடும் என்று ஒரு காணொளியை அனுப்பினார். ஒன்று அபினிலிருந்து வருவது, அதைத் தொடாதே. மற்றொன்று மூலிகை, அதைக் கொடு என்பதே வீட்டில் முடிவாயிற்று. மயினி (அண்ணி) மட்டும் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் கேட்கவில்லை. இப்படியே ஐந்து வாரங்கள் போயின.

கீமோவால் வரும் குமட்டலுக்கு டி.எச்.சி. மாத்திரையை அமெரிக்கா 1985-லேயே ஏற்றது; அந்தப் பயன் உண்மையானது. ஆனால் மனிதரின் புற்றுநோயைக் கஞ்சா குணமாக்கும் என்பதற்குச் சான்றில்லை. வலிக்கும்கூட, பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2021-இல் சான்றுகளையெல்லாம் எடைபோட்டுப் பார்த்து, கஞ்சாப் பொருள்களைப் பொதுவாகப் பரிந்துரைக்க இயலாது என்றே அறிவித்தது. வீட்டுக்கு வந்த நோய்த்தணிப்புச் செவிலியர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மார்ஃபின் மாத்திரை, மலச்சிக்கலுக்கு உடன் ஒரு மருந்து என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மூன்றாம் நாள் அப்பா கஞ்சி குடித்துவிட்டுப் படுத்து உறங்கினார்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் எட்டாம் பிரிவிலேயே இடம் விட்டிருக்கிறது. இருந்தும், மார்ஃபின் நோயாளியை எளிதில் சென்றடைய 2014-இல் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அதுவரை ஒரே மருந்துக்குப் பல உரிமங்கள் வேண்டியிருந்தன. 2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் கஞ்சாவை, பன்னாட்டு ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து நீக்க 27 நாடுகள் வாக்களித்தன; அவற்றுள் இந்தியாவும் ஒன்று. அந்த வாக்குக்கு ஏற்ற வகையில், தரம் பார்த்த மருந்தும் அதை எழுதப் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் நம் ஊர் அரசு மருத்துவமனை வரை வந்துசேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதுவரை தெருவில் வாங்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு கிலோவுக்குக் குறைந்த கஞ்சாவுக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. நோயைக் காரணம் காட்டித் தப்ப இயலாது.

முன்சிறைப் பக்கத்திலிருந்து, வைத்தியர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர்

என் தாத்தா வர்ம ஆசான். கழிச்சலுக்கும் தூக்கமின்மைக்கும் லேகியம் கிண்டுவார். கஞ்சா இலையைப் பலமுறை கழுவி, உலர்த்தி, நெய்யில் வறுத்த பிறகே சேர்ப்பார். சூட்டில்தான் இலையிலுள்ள அமில வடிவம் டி.எச்.சி.யாக மாறுகிறது என்றும், அது நீரில் கரையாமல் நெய்யில் கரைவது என்றும் கல்லூரியில் படித்தபோது, அந்த வறுவலின் பொருள் எனக்கு விளங்கியது. அளவு சுண்டைக்காய்க்கு மேல் போகாது. கொடுத்தபின் ஆளைத் திண்ணையிலேயே உட்கார வைத்திருப்பார். வாயால் உண்டது ஏற ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகும். ஒருமுறை ஒரு கூலித் தொழிலாளி, ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவது உருண்டையையும் தானே எடுத்துத் தின்றுவிட்டு, நெஞ்சு படபடத்து, சாகப்போகிறேன் என்று விடியும்வரை அலறியதைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். லேகியம் கேட்டு வருபவரிடம் வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று தாத்தா கேட்டதில்லை. அக்காலத்தில் கேட்கத் தேவையும் அவ்வளவாக இல்லை. இன்று நான் முதலில் கேட்பது அதைத்தான்.

தக்கலைச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். ஆயுர்வேத மருந்துச் சட்ட விதிகளில் பங்கி இலை (கஞ்சா இலை) நச்சுப் பொருள்களின் பட்டியலில்தான் உள்ளது. மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கை புட்டியில் இருக்க வேண்டும். அந்தப் புட்டியை எறிந்துவிடாதீர்கள். மருந்தால் நேரும் தீய விளைவுகளை நோயாளியின் குடும்பத்தாரே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

தக்கலையிலிருந்து, மீண்டும்

மிக்க நன்றி அண்ணா. புட்டி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. இன்று காலை அழைத்தேன். தொகுதி எண், கொடுத்த துளிகள், கொடுத்த நேரம், உடன் எடுத்த மாத்திரைகள், மகனின் எடை ஆகிய அனைத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். விற்றவர் இவற்றுள் ஒன்றைக்கூட என்னிடம் கேட்டதில்லை.