அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நண்பனைக் கேலி செய்கிறார்கள்

கேட்டவர்: ஒன்பதாம் வகுப்பு
அரசுப் பள்ளியில் படிக்கிறேன். என் பக்கத்தில் உட்காரும் நண்பனுக்குத் திக்குவாய். 'உள்ளேன் ஐயா' என்பதில் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வான். உடனே கடைசி பெஞ்ச் 'உ... உ... உ...' என்று கோரஸ் போடும். சில நாள் சாரும் சிரித்துவிடுகிறார். பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மட்டும் திக்காமல் பாடுகிறானாம், அதனால் நடிக்கிறான் என்று வேறு பேச்சு. இப்போதெல்லாம் இரண்டாவது பீரியடுக்குத்தான் வருகிறான். யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிவிட்டான். என்ன செய்யட்டும்?

மதுரைக்காரன்
நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு திருப்பிக் கொடு.

பேங்க் கேஷியர்
தம்பி, மேலே சொன்னதைக் கேட்காதே. அடிதடி என்றால் கடைசியில் உன் நண்பன்தான் மாட்டுவான்.

எனக்கும் திக்குவாய்தான். நடிப்பெல்லாம் இல்லை. பாடும்போதும் மற்றவர்களோடு சேர்ந்து சொல்லும்போதும் பெரும்பாலும் திக்காது. தனியாக, எல்லாரும் பார்க்க, இந்தச் சொல்லைத்தான் சொல்லியாக வேண்டும் என்றால் தொண்டை இறுகிவிடும். அட்டெண்டன்ஸ் அப்படிப்பட்ட இடம். அவன் திணறும்போது நீ முந்திக்கொண்டு சொல்லை முடித்துக் கொடுக்காதே. 'மெதுவா பேசுடா' என்பதும் வேண்டாம், எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். முகத்தைப் பார்த்துக் காத்திரு, போதும். என் வகுப்பில் ஒருவன் இருந்தான். கோரஸ் தொடங்கினால் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டான், என்னிடம் நேற்றைய மேட்சைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான்.

சத்தியம் விஷயம்: 'சொல்லட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வான். 'யாரிடம் சொன்னால் பரவாயில்லை' என்று கேட்டுப் பார்.

கணக்கு டீச்சர்
கை தூக்கினாலும் பிரசன்ட்தான், நான் அப்படித்தான் போடுகிறேன். அந்த சார் சிரிக்கிறார் என்றால் வேறு ஆசிரியரிடம் போங்கள். பள்ளியில் வைத்திருக்கும் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டியில் பெயரில்லாமலும் எழுதிப் போடலாம். ஆனால் யார், எந்த பீரியட், என்ன சொன்னார்கள் என்று எழுதப்பா. வெறுமனே 'கேலி செய்கிறார்கள்' என்றால் பிரேயரில் பொதுவாக ஒரு அட்வைஸோடு முடித்துவிடுவோம், உள்ளதைச் சொல்கிறேன். பள்ளியில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கல்வித்துறையின் 14417 இருக்கிறது. குழந்தைகளுக்கான 1098 ராத்திரியிலும் எடுப்பார்கள், இலவசம்.

கேட்டவர்
கேட்டேன். பி.டி. சார் என்றால் சரி என்கிறான். நாளை இன்டர்வெல்லில் இரண்டு பேரும் போகிறோம். கேஷியர் அண்ணா, போனில் உங்கள் பெயரை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கச் சொன்னான்.